வலை நூலைச் சுற்றியவர்

காலையில் அந்த நேரத்துக்கு என் போன் அடித்தால் அது துளசிங்கம்தான். கண் மங்கி வேலையை விட்ட பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எடுத்ததும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "இன்னா சகலை, பெட்டி அழுவுதா?" என்பார். "அழுவல" என்பேன். வைத்துவிடுவார். அன்றைக்கும் போனில் அவர் பெயர்தான் வந்தது. ஐஸ் ஏற்ற வண்டிகள் வாசல்வரை நின்றிருந்தன, டிரைவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள், என் கையெல்லாம் கிரீஸ். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வாய் திறப்பதற்குள், "அழுவலய்யா, போனை வை! பொழுது விடிஞ்சா உனக்கு வேற வேலையே கெடையாதா?" என்று எரிந்து விழுந்தேன். கேட்டது அவர் மகன் சரவணனின் குரல். "சித்தப்பா... நைனா போயிட்டாரு."

டீயைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆட்டோ பொன்னேரியைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. கையில் கிடைத்தது அப்பாவின் போன் என்பதால் அதிலிருந்தே பிள்ளை கூப்பிட்டிருக்கிறான். அப்பன் செத்த சேதியைச் சொல்ல வந்தவனை நான் நாயைத் துரத்துவதுபோலத் துரத்தினேன். இந்த அஞ்சலியை எழுதுகிறவனின் யோக்கியதை என்னவென்று முதலிலேயே நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இதைக் காரியத்தன்று, அவரைத் தெரிந்தவர்கள் நடுவில்தான் படிக்கப்போகிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துளசிங்கம் எங்கள் கோட்டைக்குப்பத்துக்காரர். அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். பழவேற்காட்டில் ஓர் ஐஸ் பேக்டரியில் இரண்டு பேருக்கும் வேலை. நான் கம்ப்ரசர் ஓட்டுகிறவன், அவர் பைப் வேலைக்காரர். வீட்டிலும் அதே முகம், பேக்டரியிலும் அதே முகம். சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போவதற்கு எங்கள் இருவருக்கும் வேறு இடம் இருந்ததில்லை.

பெட்டி என்று அவர் சொன்னது எங்கள் ரேடியேட்டரை. கம்ப்ரசரைச் சுற்றி ஓடிச் சூடாகிற தண்ணீர் அதற்குள் போய், ஆறித் திரும்பி வரும். கப்பல் உடைத்த சாமான் விற்கிற கடையிலிருந்து முதலாளி அதை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார். குளிர் நாட்டுக் கப்பலில் ஆட்கள் நடுங்காமல் இருக்க அறையைச் சூடாக்கிய சாமானாம் அது. எங்கள் முதலாளி அதை வைத்து ஐஸ் செய்தார். மார்பு உயர வார்ப்பிரும்பு, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் அடுத்ததோடு மரை போட்டு முடுக்கியிருக்கும். உப்புக் காற்று அந்த மரைகளைச் சும்மா விடாது. ஒரு ஜாயிண்ட்டை அடைத்தால் பக்கத்து ஜாயிண்ட் கசியும். பழுப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இரும்பின்மேல் இறங்கும். அதைத்தான் அவர் அழுவதாகச் சொல்வார்.

அந்தக் கசிவை அடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, அதன்மேல் சணல் பிரியைச் சுற்றி, வெள்ளைப் பசை தடவி, ரெஞ்சு போட்டு முடுக்க வேண்டும். சணல் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பி, அரித்துப்போன இடத்தையெல்லாம் தானே அடைத்துக்கொள்ளும். இதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் சுத்துன மரைல தண்ணி இன்னா, காத்துகூட என்னைக் கேட்டுக்கினுதான் வெளிய வரும்" என்பார். அடக்கமான மனிதர் என்று யாராவது அவரைப் பற்றி மைக்கில் பேசினால் நம்பாதீர்கள். சீட்டாட்டத்தில் அவர் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. தோற்றால் சீட்டைக் கலைத்துவிட்டு, காற்று அடித்துவிட்டது என்பார்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லாதே என்று அவர் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். எழுதாமல் விடுவதாக நானும் வாக்குக் கொடுத்தேன். ஏன் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் முதல்முதலாகக் கடலுக்குப் போன சமயம். ஊரே ஐஸுக்காகக் காத்திருந்தது. அப்போது பார்த்துப் பெட்டி கசிந்தது. சணல் தீர்ந்துபோயிருந்தது, வாங்கவேண்டுமென்றால் பொன்னேரிக்குப் போக வேண்டும். துளசிங்கத்தின் சட்டைப் பையில் வலை பின்னுகிற நைலான் நூல்கண்டு இருந்தது. எங்கள் குப்பத்தில் பிறந்தவன் எவனுக்கும் கை தானாகப் போகிற இடம் அது. கதவுக் கீல் ஆடினால் வலை நூல், செருப்பு வார் அறுந்தால் வலை நூல், சைக்கிள் கேரியர் கழன்றால் வலை நூல். சுறாவையே தாங்குகிற நூல் இந்தத் தண்ணீரைத் தாங்காதா என்று நினைத்திருக்கிறார். ஊர்ப்பக்கத்து நெல் வயல்காரன் ஒருவன் பைப் வேலைக்கு வந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான், அவன் பையில் வலை நூல் ஏது? சணலுக்குப் பதிலாக நைலானைச் சுற்றி, பசையைத் தடவி, அழகாக முடுக்கிவிட்டு, எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கெல்லாம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

நைலான் தண்ணீரைக் குடிக்காது. குடிக்காததால் உப்பாது. சூடு ஏற ஏற அது மரைக்குள் வழுக்கியிருக்கிறது. மறுநாள் விடியலில் ஜாயிண்ட் பிடி விட்டு, பெட்டியில் இருந்த தண்ணீர் முழுவதும் தரையில் போனது. தண்ணீர் இல்லாத கம்ப்ரசர் நெருப்பாகிவிட்டது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் அதன் சீல் கருகி, அமோனியா கேஸ் வெளியே வந்துவிட்டது. வாசலில் கூடையோடு ஐஸுக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணைத் திறக்க முடியாமல் அலறினார்கள். "காத்துக்கு எதிரா ஓடுங்கம்மா!" என்று துளசிங்கம் தொண்டை கிழியக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்திருந்த நாகம்மா என்பவர் கால் இடறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றைக்குக் கரைக்கு வந்த நல்ல மீனெல்லாம் ஐஸ் இல்லாமல் கருவாட்டுக்குப் போனது.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கெடுதல் நடந்துவிட்டால் அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடும். கெடுதல் செய்தவன் தோளில் இருக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தான் செய்ததைத் தன் வாயாலேயே சொல்லி, மண்ணில் விழுந்து கும்பிட வேண்டும். சொல்லிவிட்டால் அத்தோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அதை எடுத்துப் பேசக் கூடாது. கட்டின பெண்டாட்டிகூட, எந்தச் சண்டையிலும், அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. சொல்லிக் காட்டினால், காட்டியவர் துண்டைக் கட்ட வேண்டும்.

அன்றைக்கு ஊர் கூடியபோது யாரும் துளசிங்கத்தைக் கேட்கவே இல்லை. பெட்டி பழசு, கப்பல் சாமான், இன்றைக்கோ நாளைக்கோ போகவேண்டியதுதான் என்று முதலாளி சொன்னார். பெரியவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கூட்டம் கலையப்போகிற நேரத்தில் இவர் எழுந்து துண்டைக் கட்டினார். "பெட்டி மேல தப்பு இல்ல. சணல் சுத்த வேண்டிய எடத்துல வலை நூல சுத்திட்டேன். சுத்தினவன் நான்" என்று சொல்லிவிட்டுக் குப்புற விழுந்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேசம்மா அக்கா தலையைக் குனிந்தவர் குனிந்தவர்தான். என் மனைவியும் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

ஊர் வாயை மூடிக்கொண்டது. ஊர் மூடியதால் வெளியே எங்கும் இவர் பெயர் போகவில்லை. ஆனால் இவர் வாய் மூடவில்லையே! அங்கேதான் எங்கள் கஷ்டம் ஆரம்பித்தது. பேக்டரிக்குப் புதிதாக ஆள் சேர்ந்தால், அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் இவர் போய் நிற்பார். "நான் யார் தெரியுமா? பெட்டில நைலான் நூல சுத்திக் கேஸ வுட்டவன்" என்பார். சோதனைக்கு வந்த அதிகாரியிடம் சொன்னார். டீக்கடையில் முன்பின் தெரியாத லாரிக்காரரிடம் சொன்னார். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்ல ஆரம்பித்தபோது நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தேன். அவ்வளவு கூச்சம் எனக்கு.

"உனக்கு இன்னா பைத்தியமா? ஊரே மறந்துடுச்சு, நீ ஏன் அதையே நோண்டிக்கினு கீற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சணலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "ஊரு மறக்கல சகலை. ஊரு வாயக் கட்டிக்கினு கீது. அது வேற" என்றார். பிறகு, "எதிர்ல வர்றவன் தெரிஞ்சிக்கினு சிரிக்கிறானா, தெரியாம சிரிக்கிறானான்னு பாத்துக்கினே இருக்கறது பெரிய பேஜாரு. நானே சொல்லிட்டா லேசாக் கீது" என்றார். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அவருக்கு அப்படி இருந்தால்தான் தூக்கம் வந்தது. எங்களுக்கோ அதனால் தூக்கம் போனது.

என் மகள் மாலதியைப் பெண் பார்க்க லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்தார்கள். பையனின் அம்மா அதே நாகம்மாதான். அன்றைக்கு விழுந்து கையை உடைத்துக்கொண்டவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், துளசிங்கத்துக்கும் தெரியும். உடையக் காரணமானவர் யாரென்று நாகம்மாவுக்குத்தான் தெரியாது. பெரியப்பா இல்லாமல் பெண் பார்க்கிற காரியத்தை எப்படி நடத்துவது? முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய், "உன் காலை வேணா பிடிக்கிறேன், நாளைக்கு ஒரு நாள் வாயத் தெறக்காத" என்றேன். "உன் பொண்ணு எனக்குப் பொண்ணு இல்லியா? தெறக்கவே மாட்டேன், போ" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள். காபி வந்தது. "அண்ணாவுக்கு எங்க வேலை?" என்று நாகம்மா மரியாதைக்குக் கேட்டார். துளசிங்கம் என்னைப் பார்த்துவிட்டு, "ஐஸ் பேக்டரிலம்மா, பைப் வேலை" என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. நாகம்மா விடவில்லை. "அந்த பேக்டரியா? அய்யே, அங்கதான் என் கை போச்சு" என்று வலது கையை நீட்டினார். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணிச் சேர்ந்திருந்தது. துளசிங்கம் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். நான் அவர் காலைக் காலால் மிதித்தேன். மிதித்த காலை விலக்கிவிட்டு அவர் எழுந்தார். என் வீட்டுக் கூடத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "அந்தக் கைய ஒடச்சவன் நான்தாம்மா. பெட்டில வலை நூல சுத்தினவன் நான்தான்."

நாகம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த ஆளு நீதானா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "தலைய முடிய முடியல, சோத்தப் பெசைய முடியல, பாவாட நாடாவ என் புருசன் கட்டி வுட்டாரு, தெரியுமா உனக்கு? அந்த சீசன் பூரா கூடை தூக்கல, என் எடத்துல வேற ஒருத்தி குந்திக்கினு மீன் வித்தா, தெரியுமா உனக்கு?" இவர் தலையைக் குனிந்துகொண்டு "தெரியாதும்மா", "தெரியாதும்மா" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உள்ளே மாலதி பட்டுப்புடவையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. எல்லாம் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். திட்டித் திட்டி ஓய்ந்த நாகம்மா மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "சரி, குந்துண்ணா. காபி ஆறுது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னும் எவ்ளோ நேரம் பொண்ண உள்ளயே வச்சிருப்பீங்க?" என்று கேட்டார்.

கல்யாணம் நடந்தது. அந்த வீட்டில் என் மகள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் நான் நெடுநாள் துளசிங்கத்துக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கூடத்தில் துண்டு கட்டிய அவமானம் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தினமும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் இருந்து வறுத்த மடவை மீனில் பாதியை என் பக்கம் தள்ளுவார். நான் தின்பேன், பேசமாட்டேன். அப்படி ஒரு வெட்கங்கெட்ட கோபம் என்னுடையது.

சாவு வீட்டுக்கு நாகம்மா வந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவரும் அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "என் கைய ஒடச்ச அண்ணா, ஒடச்சேன்னு சொன்ன அண்ணா, இனிமே யார் வந்து சொல்லுவா என் அண்ணா" என்று அந்தக் கோணல் கையாலேயே அடித்துக்கொண்டு அழுதார். எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு அழுகையே நின்றுவிட்டது. வழக்கப்படி வாயில் எடுக்கக் கூடாத பேச்சு அல்லவா? ஒருத்தி அவர் வாயைப் பொத்தப் பார்த்தாள். நாகம்மா எங்கள் குப்பம் இல்லை, அவரை எங்கள் வழக்கம் கட்டாது. அவர் கையைத் தட்டிவிட்டு அழுதார்.

அதற்குப் பிறகுதான் சரவணன் என்னையும் அக்காவையும் தனியாக அழைத்துப் போனான். அவனுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மாலையோடு வந்திருந்தார்கள். தெரு முனையில் அப்பாவின் இளமைப் படத்தைப் போட்டு, "குழாய்க் கலையின் சக்கரவர்த்தி" என்று பேனர் வைத்திருந்தான். துளசிங்கம் பார்த்திருந்தால் அதன் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். "சித்தப்பா, அந்தம்மா பாட்டாவே பாடிட்டாங்க. இன்னாடா அது கை ஒடச்ச கதைன்னு பசங்க கேக்கறாங்க. நீயாவது காரியத்துல படிக்கறப்ப அந்த நூல் விசயத்த உட்டுரு. அவர் நல்லதே செய்யலியா? அத்த எழுது" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். "அவரு சொன்னா அது அவரு. நீங்க சொன்னா அது ஊரு சொல்லிக் காட்டறது, தம்பி" என்றார் அக்கா. விட்டுவிடுகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்படியே எழுதினேன். உழைப்பாளி, உதவும் கரம், கடமை தவறாதவர் என்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அதில் யாரோ ஒரு நல்ல மனிதர் செத்திருந்தார். துளசிங்கம் இல்லை. பரவாயில்லை, காரியத்தில் எல்லோரும் இப்படித்தானே படிக்கிறார்கள் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போன இடத்தில் மேனேஜர் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கடைசி விலாவுக்குக் கீழே, சுவர்ப் பக்கமாக, ஒரு ஜாயிண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தொடங்கிய சொட்டு இல்லை. துரு காய்ந்து காய்ந்து மேலே படிந்து, விரல் தடிமனுக்குக் கட்டி தட்டியிருந்தது. துளசிங்கம் வேலையை விட்ட பிறகு அந்த ஜாயிண்ட்டைப் போட்டவன் நான். அவர் விட்டுப்போன சணல் கட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. அதைப் பிரித்துச் சுற்றினால் கை அழுக்காகும் என்று, அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாத வெள்ளை டேப்பைச் சுற்றி முடுக்கினேன். அரித்துப்போன மரையில் டேப் எங்கே நிற்கும்? தினமும் காலையில் அவர் "பெட்டி அழுவுதா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நான் "அழுவல" என்று சொன்னேனே, அந்தப் பக்கம் ஒருநாளும் போய்ப் பார்த்துச் சொன்னதில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அது அழுதுகொண்டே இருந்தது.

மேனேஜர் நிமிர்ந்தார். "துளசிங்கம் போட்டதுதானே இது? பாவம், கடைசில கை நடுங்கியிருக்கும்" என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை, அதுதான் கொடுமை. செத்துப்போனவர் வந்து மறுக்கப்போவதில்லை. நூல் சுற்றியவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர், இன்னொன்று சேர்ந்தால் என்ன என்று என் நாக்கு நினைத்துவிட்டது போலிருக்கிறது. அவருடைய பழைய தப்பை எழுதாமல் மறைத்து அவர் மானத்தைக் காப்பாற்றுவதாகப் பையில் காகிதத்தை வைத்திருந்த நான், என் புதிய தப்பைத் தூக்கி அவர் பிணத்தின்மேல் போட்டேன். காலை முழுக்கக் கம்ப்ரசர் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் இருந்தது. பாதியை யார் பக்கம் தள்ளுவது என்று கை ஒரு நொடி நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

எழுந்து போனேன். ஐஸ் தூக்குகிறவர்கள், டிரைவர்கள், கணக்கர் எல்லோரும் மர நிழலில் மேனேஜரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சார், அந்த ஜாயிண்ட் துளசிங்கம் போட்டது இல்ல. நான் போட்டது. சணல் இருந்தும் சோம்பேறித்தனமா டேப் சுத்தினேன். காலைல உங்ககிட்ட 'ம்'னு சொன்னது பொய்" என்றேன். குரல் தேவைக்கு அதிகமாகவே வந்துவிட்டது. மேனேஜர் சோற்றுக் கையோடு என்னை வினோதமாகப் பார்த்தார். "அதுக்கு ஏன்யா இப்படிக் கத்துற? சாப்ட்டுட்டு நல்லா சுத்தி முடுக்கு, போ" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேர் சிரித்தார்கள். சொல்லிவிட்டால் லேசாக இருக்கும் என்று துளசிங்கம் சொல்வார். எனக்கு லேசாக ஒன்றும் இல்லை. காது இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. இதே எரிச்சலோடு அவர் எத்தனை பேர் முன்னால் நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

சாப்பாட்டுக்குப் பிறகு டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு, மரையைத் தேய்த்து, அவர் கட்டிலிருந்து சணலைப் பிரித்துச் சுற்றினேன். கை நாறியது. அந்த ஜாயிண்ட் இப்போது சொட்டுவதில்லை. இதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பையில் இருந்த காகிதமும் இன்னொரு 'ம்' தான் என்று பட்டது. அதைக் கிழித்துவிட்டு, நீங்கள் இப்போது கேட்கிற இதை எழுதி, முதலில் தேசம்மா அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். நூல் விஷயம் வந்ததும் அக்கா தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சரவணன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டான். அவன் என்னோடு இன்னும் பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இத்தனை வருஷம் எனக்கும் அதே கோபம்தான் இருந்தது. நான் படிப்பதை நிறுத்தினேன். அக்கா தலைப்பை விலக்காமலே கேட்டார். "அவரு தப்ப எழுதினீங்க. உங்களத எழுதினீங்களா?"

"எழுதிட்டேன்க்கா. இனிமேதான் வருது."

முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துத் தலைப்பை விலக்கினார். "எங்க வூட்டு ஆளு தப்ப இன்னொருத்தர் எடுத்துப் பேசினா துண்டு கட்டணும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்க்கா."

"அப்ப கட்டிக்கினு படிங்க."

ஆகவேதான் இடுப்பில் துண்டோடு உங்கள் முன்னால் நிற்கிறேன். இது அவருடையதைச் சொல்லிக் காட்டியதற்கு மட்டுமல்ல, என்னுடையதற்கும் சேர்த்துத்தான். படித்து முடித்ததும் விழுந்து கும்பிடுவேன், முழங்கால் வலி இருப்பதால் யாராவது தூக்கிவிடுங்கள்.

அவருடைய ரெஞ்சு பேக்டரிக்குச் சொந்தம். சணல் கட்டு தீர்ந்துகொண்டிருக்கிறது. துளசிங்கத்திடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்தான். இதைப் போட்டது யார் என்று கேட்டால் "நான்" என்று சொல்வாரே, அந்தச் சொல். அவருக்கு அது கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிடும். எனக்கு இன்னும் பாதி நாள் ஆகிறது.